கேள்வியும் பதிலும்

கேள்வி: பஞ்சம் வந்த நாட்டுக்கு அக்கம்பக்கத்திலேயே தானியம் வாங்கிக் கொடுக்காமல், எதற்குக் கடல் தாண்டிக் கப்பலில் அனுப்புகிறார்கள்?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: சேலம் செவ்வாய்பேட்டையில் முப்பது வருஷம் தானிய மண்டி நடத்தியவன் நான். லாரி வாடகைக்கே நெஞ்சு வலிக்கும். கப்பல் வாடகையைக் கேட்கவே வேண்டாம். அமெரிக்கா 1954-ல் வெளிநாடுகளுக்கு உணவு உதவி அனுப்ப பி.எல்.480 என்ற சட்டம் போட்டதில், அங்கே மிஞ்சிக் கிடந்த தானியத்தைத் தள்ளிவிடும் கணக்கும் இருந்தது. அனுப்புவதில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போகவேண்டும் என்று விதி. 2012 வரை முக்கால் பங்கு. போய்ச் சேர மாதக்கணக்காகும். (அந்தக் கோதுமை ரவை உப்புமாவைப் பள்ளிக்கூடத்தில் அலுமினியத் தட்டில் தின்றவன்தான் நானும். வயிறு நிறைந்தது, பொய் சொல்லக்கூடாது.)

பக்கத்தில் வாங்கினால் சீக்கிரம் போகும், அங்குள்ள விவசாயிக்கும் நாலு காசு. ஆனால் விளைச்சல் இல்லாத வருஷம் சந்தைக்குள் பெரிய கை நுழைந்தால் விலை எகிறும். ஒரு மழைக்காலத்தில் உங்கள் மலைப்பாதை அடைபட்டபோது, நிவாரணத்துக்கென்று ஒருத்தர் மேலே கடைகளில் இருந்த அரிசியையெல்லாம் அள்ளிவிட்டார். மறுநாள் காசு கொடுத்து வாங்க வந்தவர்களுக்குக் கிலோவுக்கு எட்டு ரூபாய் ஏற்றம். அப்புறம் நாங்கள் இன்னொரு பாதையான குப்பனூர் வழியாகக் கீழேயிருந்து மூட்டை ஏற்றினோம்.