பகல் டயப்பர் யாருக்காக? – முதியோர் பராமரிப்பு கேள்வி-பதில்

கோத்தகிரி: பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை விளங்கவில்லை. ஸ்வெட்டர் போடும்போதெல்லாம் அலறுகிறார்.

கழுத்து வழியாக மாட்டுவதை ஒதுக்கிவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்தது வாங்குங்கள். போடும்போது விளங்காத கை முதலில். கழற்றும்போது அது கடைசியில். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், அந்தத் தோள் மூட்டு தாங்காது. கடைசி இரண்டு பொத்தானை இடது கையால் அவரே போடட்டும். ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.

கொடைக்கானல்: கைத்தடி எந்தக் கையில்?

வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு அளவில் இருக்க வேண்டும்.

ஊர் எழுதாதவர்: அம்மா நடக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

வயது, எப்போதிலிருந்து, விழுந்தாரா, என்ன மாத்திரை... ஒன்றுமே எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் டாக்டரிடம் போங்கள். அப்புறம் விவரமாக எழுதுங்கள்.

ஊட்டி: அம்மா வாக்கர் பிடித்து நடப்பார். முதியோர் இல்லத்தில் பகலிலும் டயப்பர் போடுகிறார்கள். "இந்தக் குளிரில் அடிக்கடி பாத்ரூம் கூட்டிப்போக முடியாது" என்கிறார்கள்.

குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும், உண்மைதான். அதற்காக நடக்கிறவருக்கு டயப்பரா? அதிலேயே போகப் பழகினால் அடக்கும் பழக்கம் போகும், பாத்ரூம் வரைக்குமான நடையும் போகும், ஈரத்தில் தோல் வெந்து புண்ணாகும். பிறகு 'இயலாதவர்' என்று ஃபைலில் எழுதிவிடுவார்கள். ஆக்கியது யார்?

மூன்று நாளைக்கு, எத்தனை மணிக்குப் போகிறார், எப்போது நனைகிறது என்று நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். நனையும் நேரத்துக்குக் கால் மணி முன்பே கூட்டிப்போக வேண்டும். நேரம் பிடிபடாவிட்டால் பகலில் இரண்டு மணிக்கொரு தடவை. "வருதாம்மா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், "வாங்கம்மா, போய்ட்டு வந்துடலாம்" என்று எழுப்ப வேண்டும். நாடா முடிச்சு வேண்டாம், எலாஸ்டிக் வைத்த உடை போதும். இரவுக்குக் கட்டிலோரம் கமோடு நாற்காலி, ஒன்றரை அடி உயரத்தில்.

தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். மலம் இறுகிச் சிறுநீர்ப்பையை அழுத்தும், கசிவு கூடும். டாக்டர் அளவு விதிக்காதவருக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் குறைக்கலாம். நீர் பிரியும் மாத்திரை மாலையில் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். திடீரென்று நனைக்க ஆரம்பித்தால் முதல் வேலை சிறுநீர்ப் பரிசோதனை.

குன்னூர்: சர்க்கரை உள்ள மாமியாருக்குக் கால் ஜில்லிடுகிறது. வெந்நீர்ப் பை வைக்கலாமா?

கூடாது. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சுடுவது தெரியாது, காலையில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள். பையால் படுக்கையைச் சூடாக்கி, அவர் படுக்குமுன் எடுத்துவிடுங்கள். கம்பளி சாக்ஸ் போடலாம். அதோடு நடந்தால் வழுக்கும். மூடிய அறைக்குள் கரியடுப்பு வேண்டாம், எத்தனை தடவை எழுதுவது!

ஊட்டி: ஆக்ஸிஜன் 94 காட்டுகிறது. ஆபத்தா?

2,200 மீட்டர் உயரத்தில் 93, 94 சகஜம். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். 90க்குக் கீழே நின்றாலோ, மூச்சிரைத்தாலோ டாக்டரிடம் போங்கள்.