கொரியாவில் தலைமை தாங்கிய அமெரிக்க ஜெனரல்கள்: கேள்வி பதில்

கொரியப் போரிலும் (1950–53) அதற்குப் பின்னும் கொரியாவில் பணியாற்றிய அமெரிக்க உயர் அதிகாரிகளின் பணி வாழ்வைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, கேட்டவர்களின் புனைபெயரோடு, இங்கே பதில் எழுதுகிறேன். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். ஒருவரை ‘ஜெனரல்’ என்று குறிப்பிடும்போது எந்த ஆண்டில், எத்தனை நட்சத்திரத்தோடு (ஒன்று முதல் ஐந்து வரை; எண் கூடக் கூடப் பதவி உயர்வு) என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஓய்வுபெறும் நாளில் தோளில் இருந்த நட்சத்திரத்தைப் போர்க்களத்தில் இருந்ததாக எண்ணிக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

வரலாற்று மாணவி: கொரியாவில் தலைமை தாங்கியவர்களில் பிற்காலத்தில் மிக உயரத்துக்குப் போனவர் யார்?

பதவிப் படியை மட்டும் பார்த்தால் லைமன் லெம்னிட்சரும் மேக்ஸ்வெல் டெய்லரும். முன்னவர் 1960 முதல் 1962 வரையிலும், பின்னவர் அவரைத் தொடர்ந்து 1964 வரையிலும் முப்படைத் தலைவர்களின் கூட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்தார்கள். ஆனால் தனி மனிதர்களைவிட வரிசையைப் பார்ப்பது சுவையானது. 1953 ஆகஸ்டில் மேத்யூ ரிட்ஜ்வே அமெரிக்கத் தரைப்படையின் தலைவரானார். அவருக்குப் பின் டெய்லர், டெய்லருக்குப் பின் லெம்னிட்சர், அவருக்குப் பின் ஜார்ஜ் டெக்கர். 1962 வரை அந்த நாற்காலியில் அமர்ந்த இந்த நால்வருமே அதற்கு முன்னர் ஐ.நா. படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர்கள். டெய்லர் அப்பொறுப்பில் இருந்தது 1955இல் இரண்டு மாதங்கள்தான் என்றாலும், 1953 பிப்ரவரி முதல் போர் முடியும் வரை, கொரியாவில் போரிட்ட அமெரிக்கத் தரைப்படையான எட்டாம் ராணுவத்தை நடத்தியவர் அவரே.

அடுத்த தலைமுறையும் கொரியாவைத் தொட்டுத்தான் சென்றது. வியட்நாமில் தலைமை தாங்கிய வெஸ்ட்மோர்லேண்ட் கொரியாவில் 187ஆம் வான்குடைப் படையணியை நடத்தியவர். அவருக்குப் பின் வியட்நாமுக்குப் போன கிரெய்ட்டன் ஏப்ரம்ஸ் கொரியாவில் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) தலைமையகங்களின் தலைமை அலுவலராக இருந்தவர்.

புதியவன்: மெக்ஆர்தரை ட்ரூமன் நீக்கியது அவர் அணுகுண்டு கேட்டதால்தானே?

அல்ல. போர்நிறுத்தப் பேச்சுக்கு அதிபர் வழி தேடிக்கொண்டிருந்த வேளையில், 1951 மார்ச் 24 அன்று, ஐ.நா. படையின் முதல் தலைமைத் தளபதியான மெக்ஆர்தர் தாமாகவே ஓர் அறிக்கை விட்டு அதைக் கெடுத்தார். பிறகு, அரசின் கொள்கையை மறுத்து அவர் எழுதிய கடிதத்தை எதிர்க்கட்சித் தலைவர் ஜோசப் மார்ட்டின் ஏப்ரல் 5 அன்று பிரதிநிதிகள் சபையில் படித்தார். ஏப்ரல் 11 அன்று பதவி போயிற்று.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: பூசான் வளையத்தைக் காத்த வால்டன் வாக்கருக்கு நான்காம் நட்சத்திரம் கிடைத்ததா?

கிடைத்தது, அவர் இறந்த பிறகு. 1950 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பூசானைச் சுற்றியிருந்த சிறு நிலப்பரப்பை, கையிருப்பில் இருந்த சில படைப்பிரிவுகளை எரிகிற இடத்துக்கு எரிகிற இடம் மாற்றி மாற்றி அனுப்பியே, அப்போது எட்டாம் ராணுவத் தளபதியாக இருந்த அவர் காத்தார். அந்தக் காப்பு இல்லாவிட்டால், எதிரியின் பின்புறத்தில் மெக்ஆர்தர் கடல்வழியாக இஞ்சியோனில் படையை இறக்கியதற்கே பொருள் இருந்திருக்காது. ஆனாலும் புகழ் முழுவதும் இஞ்சியோனுக்குத்தான் போயிற்று. டிசம்பர் 23 அன்று சியோலுக்கு வடக்கே அவருடைய ஜீப் தென்கொரியப் படை லாரி ஒன்றோடு மோதி இறந்தார். அதே போரில் காலாட்படைக் கம்பெனி ஒன்றை நடத்திக்கொண்டிருந்த அவருடைய மகன் சாம் வாக்கர்தான் தந்தையின் உடலோடு நாடு திரும்பினார். அந்த மகன் 1977இல் நான்கு நட்சத்திர ஜெனரலானார். தந்தை உயிரோடிருக்கையில் அணிந்தது மூன்று நட்சத்திரங்கள். தேதியைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

வரலாற்று மாணவி: ஜேம்ஸ் வான் ஃப்ளீட், ஐசனோவருடன் ஒரே ஆண்டில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறியவர் என்கிறார்கள். பிறகு ஏன் 1944 வரை வெறும் கர்னலாக இருந்தார்?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. 1915ஆம் ஆண்டு வகுப்பில் தேறிய 164 பேரில் 59 பேர் ஜெனரலானார்கள். ஐசனோவரும் பிராட்லியும் அதில் அடக்கம். வான் ஃப்ளீட் மட்டும் பின்தங்கியதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, ஒரு பெயர்க் குழப்பம். ஏறக்குறைய இதே பெயருடைய, குடிப்பழக்கத்துக்குப் பேர்போன இன்னோர் அதிகாரியை மனத்தில் வைத்துக்கொண்டு, தரைப்படைத் தலைவர் ஜார்ஜ் மார்ஷல் இவருடைய பதவி உயர்வைத் தொடர்ந்து நிறுத்திவந்தார். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் எட்டாம் காலாட்படை ரெஜிமென்டோடு இறங்கியபோது அவருக்கு வயது 52, பதவி கர்னல். குழப்பம் தீர்ந்ததும் பதவி ஏணியில் விரைந்து ஏறத் தொடங்கினார். ஒன்பதே மாதங்களில் ஒரு கோர் முழுவதையுமே நடத்தினார்.

1951 ஏப்ரலில், சீனப் படைகளின் வசந்தகாலத் தாக்குதல் தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பு, எட்டாம் ராணுவம் அவர் கைக்கு வந்தது. பீரங்கிக் குண்டுகளை அவர் செலவழித்த வேகம் வாஷிங்டனில் விவாதமாகும் அளவுக்கு இருந்தது. தென்கொரியப் படையை மறுபடி பயிற்றுவித்து நிமிர்த்தியதை அவருடைய தலையாய பணியாக நான் கருதுகிறேன். கொரியர்களும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1952 ஏப்ரல் 4 அன்று, பி-26 குண்டுவீச்சு விமானத்தில் சென்ற அவருடைய ஒரே மகன் வடகொரியாவின் மேல் காணாமல் போனார். தந்தை மேலும் பத்து மாதம் அதே பொறுப்பில் இருந்து, 1953 பிப்ரவரியில் டெய்லரிடம் ஒப்படைத்தார். நூறு வயதைக் கண்டு 1992இல் இறந்தார்.

மூன்றாம் வரிசை: ஓர் அமெரிக்கச் சிப்பாயின் பணிப் பதிவேட்டை எங்கே கேட்பது?

செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில். 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு 1973ஆம் ஆண்டுத் தீயில் போய்விட்டதால், பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

கடற்காகம்: வடகொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தில் சீனர் சூழ்ந்த மரீன் (கடல்வழித் தாக்குதல் படை) டிவிஷனை மீட்ட ஆலிவர் ஸ்மித் நான்கு நட்சத்திரத்தோடு ஓய்வுபெற்றார், அவரை அந்தப் பொறிக்குள் தள்ளிய நெட் ஆல்மண்ட் மூன்றோடு நின்றார். யார் சரி என்பதற்கு இதுவே தீர்ப்பு அல்லவா?

தீர்ப்பு அல்ல. போரில் பாராட்டுப் பெற்ற கடற்படை, மரீன் அதிகாரிகளுக்கு ஓய்வுபெறும் நாளில் ஒரு படி உயர்வு தரும் சட்டம் 1959 வரை இருந்தது. சம்பளம் உயராது, பொறுப்பு உயராது, கல்லறையில் பொறிக்கப்படும் பட்டம் மட்டும் உயரும். அதனால் படையினரே அதைக் கல்லறைப் பதவி உயர்வு என்று கேலி செய்தார்கள். 1955இல் ஸ்மித்துக்குக் கிடைத்த நான்காம் நட்சத்திரம் அதுதான். ஆல்மண்ட் தரைப்படைக்காரர், அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. மறுபடியும் சொல்கிறேன், தேதியைப் பாருங்கள்.

நெடுஞ்சாலை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சீன எல்லையான யாலு நதிக்கு விரையச் சொன்ன கோர் தளபதி ஆல்மண்டின் கட்டளையை ஸ்மித் வேண்டுமென்றே இழுத்தடித்தார். அதை ஏன் கீழ்ப்படியாமை என்று எழுத மாட்டீர்கள்?

இழுத்தடித்தார் என்பது உண்மை, அவரே மறைக்கவில்லை. 1950 நவம்பரில் அவருடைய டிவிஷன் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மைல் அளவே நகர்ந்த கட்டமும் உண்டு. ஆனால் அந்த நாட்களில் அவர் செய்ததைப் பாருங்கள். சிதறிக் கிடந்த ரெஜிமென்டுகளை ஒரே சாலையில் சேர்த்தார். வழியெங்கும் குண்டும் உணவும் குவித்தார். ஹகாரு-ரியில் உறைந்துபோன நிலத்தை இரவில் விளக்கு வைத்துப் புல்டோசரால் சுரண்டி ஓடுதளம் அமைத்தார். முன்னேறிக்கொண்டிருக்கும் டிவிஷனுக்கு ஓடுதளம் எதற்கு என்று கோர் தலைமையகம் நினைத்தது. நவம்பர் 27 இரவில் சீனப் படைகள் பாய்ந்த பிறகு, அதே ஓடுதளத்திலிருந்து 4,000க்கும் மேற்பட்ட காயம்பட்டோரும் உறைபனியால் பாதிக்கப்பட்டோரும் விமானத்தில் வெளியேற்றப்பட்டார்கள்.

நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். நவம்பர் 28 அன்று ஆல்மண்ட் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, முந்தைய இரவில் அடி வாங்கிய தரைப்படையினரிடம், எதிரே இருப்பவை வடக்கே தப்பியோடும் சீன டிவிஷன்களின் மிச்சம்தான் என்றார். லெப்டினன்ட் கர்னல் டான் ஃபெய்த்துக்கு அங்கேயே வெள்ளி நட்சத்திரப் பதக்கம் குத்திவிட்டுப் போனார். ஹெலிகாப்டர் எழும்பியதும் ஃபெய்த் அதைப் பிய்த்துப் பனியில் எறிந்தார். சில நாட்களில் ஃபெய்த்தும் இறந்தார், அந்தப் படையணியும் அழிந்தது. எலும்புகள் அடையாளம் காணப்பட்டு அவர் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது 2013இல்.

கடற்காகம்: அப்படியானால் ஆல்மண்டை ஏன் நீக்கவில்லை?

ஏனெனில் அவர் மெக்ஆர்தரின் தலைமை அலுவலர் பதவியைக் கையில் வைத்துக்கொண்டே கோர் தளபதியாகவும் இருந்தவர். வாக்கருக்குப் பின் எட்டாம் ராணுவத்துக்கு வந்த ரிட்ஜ்வே, தயங்கும் தளபதிகளை மாற்றிக்கொண்டிருந்த வேளையில், ஆல்மண்டின் முரட்டு வேகத்தை விரும்பி வைத்துக்கொண்டார். 1951 பிப்ரவரியில் மூன்றாம் நட்சத்திரமும் வந்தது. ஸ்மித்தைவிடப் பத்தே மாதம் மூத்தவரான ஆல்மண்ட் அவரைப் பார்த்து ‘மகனே’ என்று அழைத்ததை மரீன்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை. இத்தாலியில் 92ஆம் டிவிஷனின் தோல்விகளுக்குத் தம் கறுப்பினச் சிப்பாய்களையே குறைகூறியவர், கொரியாவிலும் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே படைப்பிரிவில் சேர்ப்பதை எதிர்த்தார்; அதை நானும் மன்னிக்கவில்லை. எனினும் 1950 டிசம்பரில் ஹுங்னாம் துறைமுகத்திலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரோடு ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் பொதுமக்களையும் கப்பலேற்ற அவர் இசைந்தார் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது.

நெடுஞ்சாலை: பிற்பாடு நடந்ததை வைத்து ஸ்மித்தை மெச்சுகிறீர்கள். சீனர்கள் வராமலிருந்தால் அவர் வெறும் சோம்பேறியாகத்தானே தெரிந்திருப்பார்?

தெரிந்திருப்பார். ஆனால் சீனர்கள் வந்திருக்கிறார்கள் என்பது நவம்பர் முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரியும்; அவருடைய ஏழாம் ரெஜிமென்ட் சுதோங் பள்ளத்தாக்கில் ஒரு சீன டிவிஷனோடு மோதிக் கைதிகளையும் பிடித்திருந்தது. அவர் குருட்டாம்போக்கில் தயங்கவில்லை. இத்தோடு இந்த வழக்கை மூடுகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

புதியவன்: மெக்ஆர்தருக்கு எத்தனை நட்சத்திரம்?

ஐந்து. 1944 டிசம்பர் முதல்.

மூன்றாம் வரிசை: அணுகுண்டு விவகாரம்தானே மெக்ஆர்தரின் பதவியைப் பறித்தது?

மேலே இரண்டாம் கேள்வியைப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: கொரியாவை இரண்டாகப் பிரித்த 38ஆம் இணைகோட்டை வரைந்த அதிகாரியே பின்னால் அங்கே காவலுக்கு வந்தார் என்பது கட்டுக்கதையா?

உண்மை. 1945 ஆகஸ்ட் 10 நள்ளிரவை ஒட்டி, ஜப்பானியர் சரணடைவதை ஏற்க ஒரு பிரிவுக்கோடு வேண்டும் என்று வாஷிங்டனில் இரண்டு கர்னல்களிடம் சொல்லி அரை மணி நேரம் கொடுத்தார்கள். ஒருவர் பிற்காலத்தில் வெளியுறவு அமைச்சரான டீன் ரஸ்க். மற்றவர் சார்லஸ் போன்ஸ்டீல். ஒரு பத்திரிகை நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து, சியோல் தங்கள் பக்கம் விழும்படி 38ஐத் தேர்ந்தார்கள். 1966இல் போன்ஸ்டீல் நான்கு நட்சத்திர ஜெனரலாக, ஒரு கண்ணில் கறுப்புத் திரையோடு, கொரியத் தளபதியாக வந்து சேர்ந்தார். 1968 ஜனவரியில் வடகொரியக் கமாண்டோக்கள் தென்கொரிய அதிபர் மாளிகையை நெருங்கியதும், இரண்டே நாளில் அமெரிக்க உளவுக் கப்பல் பியூப்லோ வடகொரியாவிடம் பிடிபட்டதும் அவர் காலத்தில்தான்.

வரலாற்று மாணவி: இந்தத் தளபதிகளோடு இந்தியர் எவரேனும் களத்தில் இருந்தார்களா?

லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆம் வான்குடைக் கள மருத்துவப் பிரிவு இருந்தது. 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்க 187ஆம் படையணி வானிலிருந்து குதித்தபோது அவர்களும் உடன் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. போருக்குப் பின் கைதிகள் விவகாரத்தை நடத்திய ஜெனரல் திம்மையாவைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நெடுஞ்சாலை: கடைசியாக ஒன்று. எதிரியிடம் பிடிபட்ட ஜெனரலின் பணி வாழ்வு என்னாயிற்று?

வில்லியம் டீனைக் கேட்கிறீர்கள். 24ஆம் டிவிஷனின் தளபதி. 1950 ஜூலை 20 அன்று டேஜோன் நகரம் விழுந்துகொண்டிருந்தபோது, ஒரு டிவிஷனை நடத்த வேண்டியவர், பசூக்கா (டாங்கியைத் தாக்கும் தோள் ஏவுகருவி) குழுவோடு தெருத் தெருவாக டாங்கி வேட்டையாடிக்கொண்டிருந்தார். அன்றிரவு தம் படையைப் பிரிந்து, 36 நாள் மலைகளில் அலைந்து, காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். இறந்துவிட்டார் என்றே பலரும் எண்ணியிருந்த நிலையில், நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்தை ட்ரூமன் அவருடைய மனைவியிடம் அளித்தார். 1953 செப்டம்பர் 4 அன்று விடுதலையானார். சான் பிரான்சிஸ்கோவில் ஆறாம் ராணுவத்தின் துணைத் தளபதியாக இரண்டாண்டு இருந்து, இரண்டே நட்சத்திரங்களோடு 1955இல் ஓய்வுபெற்றார். தளபதி என்ற முறையில் தாம் டேஜோனில் செய்ததற்கு ஒரு மர நட்சத்திரம்கூடத் தந்திருக்க மாட்டேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.