மலைவீட்டுக் கல்சுவரும் 16 கிலோவாட் ஹீட் பம்பும்

கேள்வி: வட இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவில் வேலை செய்கிறோம். அப்பெனைன் மலையில், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், ஒரு பழைய கல்வீடு வாங்கியிருக்கிறோம். இரண்டு மாடி, 110 சதுர மீட்டர், சுவர் 55 சென்டிமீட்டர் தடிப்பு. தோட்டத்தில் எல்பிஜி தொட்டி, 20 வருடப் பழைய பாய்லர், அதன் சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள், சமையலறையில் ஒரு விறகு அடுப்பு. இப்போது சனி ஞாயிறுகளில்தான் போகிறோம்; இரண்டு வருடத்தில் நிரந்தரமாகக் குடிபோக எண்ணம். ஒருவர் 16 கிலோவாட் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து ரேடியேட்டர் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம்) போடச் சொல்கிறார், இன்னொருவர் பெல்லட் ஸ்டவ் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் அடுப்பு) போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இந்த வருடம் இரண்டையும் வாங்க வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு போய்ச் சேர்கிறீர்கள். பாய்லரை முடுக்குகிறீர்கள். இரண்டு மணி நேரத்தில் தெர்மோமீட்டர் 20 காட்டுகிறது, ஆனாலும் யாரும் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. சரிதானே? காற்று 20 டிகிரி, சுவர் 10 டிகிரி என்றால் உடம்பு உணர்வது ஏறக்குறைய இரண்டின் சராசரி, அதாவது 15. கல்வீட்டில் முதலில் சூடாக வேண்டியது சுவர். அது சூடாக எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வெளிச்சுவர் சுமார் 160 சதுர மீட்டர். அதன் உள்பாதியை மட்டும் எடுத்தாலே 100 டன் கல். அதை 10 டிகிரி உயர்த்த 240 கிலோவாட் மணி வெப்பம் தேவை. ரேடியேட்டர்கள் தரும் 15 கிலோவாட்டையும் அப்படியே கல் விழுங்கினாலும் 16 மணி நேரம். வெளியே கசிந்து போவதையும் சேர்த்தால் ஞாயிறு மத்தியானம் சுவர் இதமாகும். அப்போது நீங்கள் காரில் பையை ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

அதனால்தான் எந்த இயந்திரம் என்பதைவிட அந்த வீட்டில் எப்படி வாழப்போகிறீர்கள் என்பதை முதலில் கேட்கிறேன். வாரம் முழுக்க ஆள் இருக்கும் வீட்டில் அதே 100 டன் கல் உங்கள் பக்கம் நிற்கும்: ஒருமுறை சூடேற்றிவிட்டால் சீக்கிரம் ஆறாது, மெதுவாக ஓடும் ஹீட் பம்புக்கு அதைவிட நல்ல கூட்டாளி இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் போகும் வீட்டிலோ அது பணம் தின்னும் பூதம்.

இனி அந்த 16 கிலோவாட். அதைச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. வீடு இன்று இருக்கிற நிலைக்கு அது சரியான எண்தான். வெளியே மைனஸ் 5, உள்ளே 20 என்று வைத்து நானும் கணக்கிட்டேன். கல்சுவர் வழியே ஏறத்தாழ 9 கிலோவாட், கூரை வழியே மூன்றரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களில் ஒன்றே முக்கால், இடுக்குகளில் நுழையும் காற்றுக்கு 2, தரைக்கு 1. ஆக மொத்தம் 17. கூரைக்கு நல்ல வெப்பக் காப்பு (வெப்பம் கசியாமல் தடுக்கும் அடுக்கு) போட்டு, ஜன்னலை மாற்றி, கதவிடுக்கை அடைத்தால் இது 12க்கு இறங்கும். வடக்குச் சுவருக்கு மட்டும் உள்பக்கம் காப்பு கொடுத்தால் இன்னும் ஒன்றரை குறைந்து பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். 16 கிலோவாட் மெஷினுக்கும் 10 கிலோவாட் மெஷினுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு பகுதி கூரை வேலைக்கே கிடைத்துவிடும். இப்போது பெரியதை வாங்கிவிட்டுப் பிறகு கூரையைப் பழுதுபார்த்தால், மெஷின் அடிக்கடி நின்று நின்று ஓடும். மின்சாரமும் தின்னும், ஆயுளும் குறையும்.

சுவர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஈரக்கல் காய்ந்த கல்லைவிட அதிக வெப்பத்தைக் கடத்தும். முன்னிருந்தவர்கள் சிமெண்ட் பூச்சு போட்டிருந்தால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கியிருக்கும். முதலில் மழைநீர்க் குழாய், சுவரோரத்து வடிகால், பிறகு சுண்ணாம்புப் பூச்சு; அது காய ஒரு கோடை தேவை. உள்காப்புக்குத் தெர்மகோல் ஒட்டச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கால்சியம் சிலிகேட் பலகை, அல்லது சணலும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு, இரண்டும் ஈரத்தை உறிஞ்சிப் பிறகு வெளியே விடக்கூடியவை. 5 சென்டிமீட்டர் சிலிகேட் பலகை அந்தச் சுவரின் வெப்ப இழப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக்கும். ஆனால் மர உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் கோத்தால் உத்தரத்தின் நுனி மக்கும். அந்த இடங்களைத் தெரிந்த ஆள் பார்த்த பிறகே கை வைக்கவும்.

ஹீட் பம்பா இல்லையா என்பதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. குளிர் உச்சமாக இருக்கும் ஜனவரியில் லீவு போட்டு ஒரு வாரம் அங்கே தங்குங்கள். முதல் இரண்டு நாள் வழக்கம்போல் சூடேற்றுங்கள். பிறகு பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 50 டிகிரிக்குக் குறைத்துவிட்டு, இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வீடு 19, 20ல் நின்றால் உங்கள் பழைய ரேடியேட்டர்களே ஹீட் பம்புக்குப் போதும். நிற்கவில்லை என்றால் எந்த அறை தோற்கிறது என்று குறித்து வையுங்கள். 70 டிகிரித் தண்ணீரில் தரும் வெப்பத்தில் பாதிக்கும் குறைவைத்தான் ரேடியேட்டர் 45 டிகிரியில் தரும். தோற்ற அறைக்குப் பெரிய ரேடியேட்டர் மாற்றினால் போதும், தரை முழுவதையும் பெயர்த்துக் குழாய் பதிக்க வேண்டியதில்லை. அந்தப் பழைய சுடுமண் ஓடுகளைப் பெயர்த்தால் பாதி உடையும். 35, 40 டிகிரித் தண்ணீர் போதும் என்றால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பம் வரை எதிர்பார்க்கலாம். 55 வேண்டும் என்றால் மலைக்குளிரில் இரண்டு, இரண்டரைக்கு இறங்கும். இத்தாலியில் வழக்கமான வீட்டு மின் இணைப்பு 3 கிலோவாட்தான். அதை 6க்கு உயர்த்த வேண்டிவரும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீட் பம்பின் வெளிப்பெட்டியைத் தெருவில் தெரியும்படி வைக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் கொமூனேயில் (ஊராட்சி அலுவலகத்தில்) கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் சொப்ரின்தென்சா என்ற பாரம்பரியச் சின்னப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும்.

பெல்லட் ஸ்டவ் நல்ல சாதனம்தான், ஆனால் அது இருக்கும் அறைக்கு மட்டும். 15 கிலோ மூட்டையில் கிடைக்கும் வெப்பம் 60 கிலோவாட் மணியைச் சற்றுத் தாண்டும். வீடு முழுவதும் சூடாக்க நினைத்தால், குளிர்நாளில் நான்கைந்து மூட்டை படியேற்றுவது யார்? மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும், பனிக்காலத்து மலையூரில் அது அபூர்வம் இல்லை. 2022ல் பெல்லட் விலை ஏறியதை ரெஜ்ஜோவில் இருந்தே பார்த்திருப்பீர்கள். எப்படியும் வாங்குவதென்றால், போ சமவெளியின் நான்கு பிராந்தியங்களில் புதிதாகப் பொருத்தும் எந்த விறகு, பெல்லட் சாதனத்துக்கும் புகையும் திறனும் பார்த்துத் தரும் தர மதிப்பில் குறைந்தது 4 நட்சத்திரம் வேண்டும். உங்கள் எமிலியா ரோமாஞ்ஞா அதில் ஒன்று.

இருக்கும் எல்பிஜி பாய்லரைக் கேவலமாக நினைக்காதீர்கள். இந்த இரண்டு வருடத்துக்கு அதுவே போதும். தொட்டி யாருடையது என்று மட்டும் பாருங்கள்: பெரும்பாலும் அது எரிவாயு விற்கும் கம்பெனியின் சொத்து, இரவலாக நிற்கும், ஒப்பந்தம் அவர்களிடமே வாங்கச் சொல்லும். இன்னொன்று, இத்தாலி 1993 முதல் ஊர்களைக் குளிரின் அளவுப்படி A முதல் F வரை ஆறு மண்டலமாகப் பிரித்திருக்கிறது. 700 மீட்டரில் உங்கள் ஊர் E அல்லது F ஆக இருக்கும். F என்றால் சூடேற்றும் எல்பிஜிக்கு விலைக்கழிவு உண்டு, ஆனால் நீங்கள் விண்ணப்பித்தால்தான் தருவார்கள். கொமூனேயில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

பாய்லரைக் கழற்றும் நாள் வரும்போது, அது ஓடும் நிலையில் இருக்கையிலேயே படம் எடுத்துவிடுங்கள், பெயர்ப்பலகை தெரியும்படி. கொன்தோ தெர்மிகோ என்ற அரசு உதவி, பழையதை அகற்றிவிட்டு ஹீட் பம்ப் போடுபவர்களுக்குத்தான். பழையது இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். வெறும் எரிவாயு பாய்லர் புதிதாகப் போட்டால் 2025 முதல் வரிச்சலுகை கிடையாது.

விறகு அடுப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். கரண்ட் இல்லாத இரவில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான். சனி ஞாயிறு வாழ்க்கைக்கும் இப்போதைக்கு அதுவே வழி: சமையலறையையும் அதன் மேலிருக்கும் படுக்கையறையையும் மட்டும் உள்காப்பிட்டு, மற்ற கதவுகளைச் சாத்திவிடுங்கள். உள்காப்பு போட்ட அறையில் கல் வெப்பத்தை விழுங்காது, ஒரு மணி நேரத்தில் இதமாகும். ஆனால் ஜன்னல் இடுக்குகளை அடைத்த பிறகு அந்த அடுப்புக்கு வெளிக்காற்று வரத் தனித் துவாரம் இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உயிரையே வாங்கிவிடும். துவாரத்தைப் போடுங்கள், சுவரில் அலாரம் ஒன்று மாட்டுங்கள், புகைக்கூண்டை அக்டோபருக்குள் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இந்தக் குளிர்காலம் திங்கள் முதல் வெள்ளி வரை பாய்லரை உறைபனித் தடுப்பு நிலையில் விட்டுவிட்டு வாருங்கள். அது பாய்லரையும் ரேடியேட்டர்களையும்தான் பார்த்துக்கொள்ளும். குளியலறைக் குழாய்களுக்கு வரும் பிரதான வால்வை மூடி, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுக் கிளம்புங்கள்.