உள்ளூர்த் தேர்தல் பிரச்சாரத்தில் தன்னார்வலராக வேலை செய்தால் என்ன கற்றுக்கொள்ளலாம்?

சிறிய தேர்தலில் பேச்சைவிடப் பட்டியல்தான் பெரிது. யார் நம் பக்கம், யார் இன்னும் முடிவெடுக்கவில்லை, யாரைத் தொந்தரவே செய்யக் கூடாது என்பதை வீடுவாரியாகக் குறித்து வைத்திருக்கிற அணி, மேடையும் ஒலிபெருக்கியும் மட்டும் வைத்திருக்கிற அணியை முந்திவிடும். சில நூறு வாக்குகளில் முடிவாகிற இடங்களில் இதை நம்பியே வேலையைத் திட்டமிடலாம்.

வீடு வீடாகப் போவது பழைய முறை என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன் என்ற அரசியல் ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சுமார் 30,000 வாக்காளர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நேரில் போய்ப் பேசியது வாக்குப்பதிவைத் தெளிவாகக் கூட்டியது. அஞ்சல் கொஞ்சம்தான் உதவியது, தொலைபேசி அழைப்பால் பலன் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்கப் படம் பகிர்ந்தால் வேலை செய்த திருப்தி கிடைக்கும், ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நம் ஆட்கள்.

கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். வீடுகள் நெருக்கமாக உள்ள தெருவில் இரண்டு தன்னார்வலர்கள் சேர்ந்த ஒரு இணை மணிக்கு 15 முதல் 20 கதவுகளைத் தட்டலாம். அதில் மூன்றில் ஒன்று திறந்தாலே நல்ல மாலைதான். 1,200 வீடுகள் என்றால், இரண்டு மணி நேர நடையாக ஒரு சுற்றுக்கே 30 முதல் 40 நடை வேண்டும். பூட்டிய வீடுகளுக்கான மறுசுற்று தனி. கடைசி வாரத்தில் ஆரம்பிப்பவர்கள் மறுசுற்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போய்த் தாமதமாகத் திரும்புகிற வீடுகள் அப்படியே விடுபட்டுப் போகின்றன.

கதவைத் தட்டியதும் இரண்டடி பின்னால் வந்து, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். திறப்பவருக்கு வாசல் அடைபட்டது போல் இருக்கக் கூடாது. துண்டறிக்கையை முதலில் நீட்ட வேண்டாம். நீட்டினால் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். பெயரையும் வேட்பாளர் யாரென்பதையும் சொல்லிவிட்டு, “உங்க தெருவுல முதல்ல எது சரியாகணும்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தச் சில நொடி அமைதியைப் புதியவர்களால் தாங்க முடியாது, உடனே வாக்குறுதிகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, கிளம்பும்போது துண்டறிக்கையைக் கொடுங்கள். மூன்று நிமிடம் போதும்.

வீட்டைவிட்டுத் தெருவுக்கு வந்த கையோடு, வீட்டுப் பட்டியல் தாளில் 1 முதல் 5 வரை எண் போடுங்கள். உறுதியான ஆதரவு 1, சாய்வு 2, தெரியவில்லை 3, எதிர்ப்பக்கச் சாய்வு 4, உறுதியான எதிர்ப்பு 5. இங்கேதான் பெரிய பிழை நடக்கிறது. “பார்க்கலாம் தம்பி”, “உங்களுக்குத்தான் போடுவோம், போயிட்டு வாங்க” என்பதையெல்லாம் 1 என்று எழுதிவிடுகிறார்கள். எல்லா அணிக்கும் அதே பதிலைச் சொல்லி அனுப்புகிற வீடுகள் நிறைய. தன் வாயால் காரணம் சொல்லாதவருக்கு 2 கூட அதிகம், 3 போடுங்கள். ஐந்தாம் எண் வீட்டில் வாதாடி இருபது நிமிடத்தைத் தொலைப்பது இன்னொரு வழக்கம். அந்த நேரத்தில் ஆறு கதவுகளைத் தட்டியிருக்கலாம். தாள்களை அன்றிரவே கணினியில் ஏற்றிவிட வேண்டும். இரண்டு நாள் போனால் எழுதியவருக்கே தன் கையெழுத்து புரியாது.

தன்னார்வலர்கள் விலகுவதற்குச் சோம்பல் காரணமாக இருப்பது அபூர்வம். வரச்சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைப்பதுதான் காரணம். வந்த பத்து நிமிடத்தில் தெரு, தாள், துணை, முடிக்கும் நேரம் நான்கும் கையில் இருக்க வேண்டும். வருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர்தான் வருவார்கள் என்று வைத்துத் திட்டமிடுங்கள். முந்தைய நாள் மாலை ஆளுக்கொரு போன் போட்டால் அந்த எண்ணிக்கை கூடும்.

கடைசி நாட்களில் மனம் மாற்றும் வேலையை நிறுத்திவிட்டு 1, 2 எண்காரர்களிடம் மட்டும் போங்கள். எல்லாருக்கும் நினைவூட்டினால் எதிரணி வாக்கையும் நாமே கிளப்பிவிட்டதாகிவிடும். “கட்டாயம் போடுங்க” என்பதைவிட, எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன வேலை என்று கேட்பது பலன் தரும். 2008இல் பென்சில்வேனியாவில் டேவிட் நிக்கர்சன், டாட் ரோஜர்ஸ் என்ற ஆய்வாளர்கள் நடத்திய தொலைபேசி ஆய்வில் இப்படிக் கேட்டது வாக்குப்பதிவை 4 சதவீதப் புள்ளி அளவுக்குக் கூட்டியது. வாக்களிப்பீர்களா என்று மட்டும் கேட்டது கூட்டவில்லை.

இதற்கெல்லாம் முன்பு தேர்தல் சட்டத்தைப் படித்துவிடுங்கள். இந்தியாவில் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டப் பிரச்சாரம் கூடாது. வேட்பாளர் தரப்பு வண்டி வைத்து வாக்காளரை ஏற்றிச் செல்வதும் குற்றம். வேறு சில நாடுகளில் அதே வண்டி வழக்கமான சேவை. ஆர்வக்கோளாறில் ஒரு தன்னார்வலர் செய்கிற காரியத்துக்கு வேட்பாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் செய்யக் கூடாதவற்றை அரைப் பக்கத்தில் அச்சடித்து, தாள் வைத்து எழுதும் ஒவ்வொரு அட்டையிலும் ஒட்டிக் கொடுங்கள்.