மச்சாளின் இசைத்தட்டுக்குள் ஜோனி

கேள்வி: நானும் என் மச்சாளும் 1991 முதல் 1998 வரை ரொறன்ரோ நகர மத்தியில் இரவு வேலையாக ஒஃபிஸ்கள் துப்புரவு செய்தோம். யாரோ விட்டுப்போன ஒரு சின்ன ரேடியோதான் துணை. அப்போது இங்கிலிஷ் அரைகுறை. ஆனாலும் அதில் வந்த பாட்டுகளில் எனக்கு ஜோனி மிட்செலைப் பிடித்துப்போனது, மச்சாளுக்கு கரோல் கிங். முப்பது வருஷமாக இதை வைத்து ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டு வந்தோம். போன நத்தாருக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, ஜோனி கிராமி இசை விருது மேடையில் பாடிய வீடியோவை மகள் டீவியில் போட்டாள். "இந்தக் கிழவிக்கு இந்த வயசில ஏன் பாட்டு, குரல் எப்பவோ போயிட்டுது" என்றா மச்சாள். எனக்குச் சுள்ளென்றது. "உன்ர ஆளின்ர பாட்டு லிஃப்டுக்குள்ள போடத்தான் சரி" என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இருவரும் கதைப்பதில்லை. உங்களுக்குப் பாட்டு விஷயம் தெரியும். இவர்களில் யார் பெரியவர் என்று எழுதுங்கள், வெட்டி அவவுக்கு அனுப்பிவைக்கிறேன்.
(பெயர் வேண்டாம், ஸ்காபரோ)

பதில்: அக்கா, தயவுசெய்து இதை வெட்டி அனுப்ப வேண்டாம். நானும் ஜோனி கட்சிதான். நீங்கள் எதிர்பார்க்கிற தீர்ப்பை இரண்டு நிமிஷத்தில் எழுதிவிடுவேன். ஆனால் அதைப் படித்துவிட்டு உங்கள் மச்சாள் போன் எடுக்கமாட்டா.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். 1971ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹொலிவூட்டில் ஏ அண்ட் எம் என்ற ஒலிப்பதிவுக்கூடத்தில், ஒரே கட்டடத்துக்குள், இரண்டு பெண்கள் ஆளுக்கொரு இசைத்தட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஒன்று ஜோனியின் 'புளூ'. மற்றது கரோல் கிங்கின் 'டாபெஸ்ட்ரி'. அங்கேயிருந்த ஒரு ஸ்டெயின்வே பியானோ இரண்டு பேருக்கும் வேண்டியிருந்ததாம், அது வேறு கதை. பாடகர் ஜேம்ஸ் டெய்லர் கிற்றாரோடு இந்த அறைக்கும் அந்த அறைக்கும் போய்வந்தார். இரண்டு இசைத்தட்டிலும் அவருடைய வாசிப்பு இருக்கிறது.

'டாபெஸ்ட்ரி'யில் 'வில் யூ லவ் மீ டுமாரோ' என்று ஒரு பாட்டு. கரோல் மெதுவாக, கொஞ்சம் களைத்த குரலில் பாடுவார். பின்னால் ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும் சேர்ந்து வரும். ஆண் குரல் டெய்லர். பெண் குரல் உங்கள் ஜோனி. அட்டையில் 'மிட்செல்–டெய்லர் ஆண்பிள்ளை பெண்பிள்ளை பாடகர் குழு' என்கிற மாதிரி விளையாட்டாக ஒரு பெயரும் போட்டிருக்கிறார்கள். அதே வருஷம் கரோல் எழுதிய 'யூவ் கொட் எ பிரெண்ட்' பாட்டை டெய்லர் தன் இசைத்தட்டில் பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். அதிலும் பின்குரல் ஜோனிதான். முப்பது வருஷமாக மச்சாள் உருகி உருகிக் கேட்ட பாட்டுக்குள் உங்கள் ஆள் நின்றிருக்கிறார். சமைத்தவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறோம். பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டித் தந்தவரை யாருக்குத் தெரியும்?

அந்தக் கூட்டம் முழுவதுமே இப்படித்தான். ஜோனியின் சொந்த இசைத்தட்டு ஒன்றும் வெளிவராத 1967இல், அவருடைய 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை எடுத்துத் தன் இசைத்தட்டில் பாடியவர் ஜூடி கொலின்ஸ். அடுத்த வருஷம் அது பெரிய வெற்றி. ஜோனியின் பெயர் ரேடியோ கேட்பவர்களுக்கு முதலில் எட்டியது ஜூடியின் குரல் வழியாகத்தான். ஜோனியின் முதல் இசைத்தட்டைத் தயாரித்தவர் பாடகர் டேவிட் கிரொஸ்பி. 1969இல் வூட்ஸ்டொக் என்ற பெரிய இசை விழாவுக்கு, மறுநாள் டீவி நிகழ்ச்சி ஒன்று இருந்ததால், ஜோனியால் போகமுடியவில்லை. நியூயோர்க்கில் ஹோட்டல் அறையில் இருந்து எழுதிய 'வூட்ஸ்டொக்' பாட்டை, விழாவுக்குப் போய்வந்த கிரொஸ்பியின் இசைக்குழு ஆட்டமும் அடியுமாகப் பாடிப் பிரபலமாக்கியது. போகாதவர் எழுதினார், போனவர்கள் பாடினார்கள்! இதில் யார் பெரியவர் என்று எந்த இடத்தில் கோடு கிழிப்பது?

சரி, லிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். அதில் நீங்கள் செய்தது அநியாயம். 1960இல் கரோல் கிங்குக்குப் பதினெட்டு வயது, வீட்டில் கைக்குழந்தை. அந்த நிலையில் கணவர் கோஃபினோடு சேர்ந்து 'வில் யூ லவ் மீ டுமாரோ'வை எழுதினார். அதை ஷிரெல்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு பாடி முதலிடம் பிடித்தது. பிறகு பல வருஷம் மற்றவர்கள் பாடுவதற்காகவே எழுதிக்கொண்டிருந்தார். மேடை என்றால் பயம். வா, வந்து பாடு என்று தள்ளிவிட்டவர் அந்த டெய்லர்தான். 'டாபெஸ்ட்ரி' அமெரிக்காவில் பதினைந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒரு தரம் கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்கிற பாட்டை லேசானது என்று நினைக்கிறோம். நாலு வரி அப்படி எழுதிப் பாருங்கள், தெரியும். (நான் முயன்றிருக்கிறேன். அதைப்பற்றிக் கேட்காதீர்கள்.)

ஒரு வகையில் உங்கள் வாய் ஜோனியின் வாய்தான். அவரும் லேசுப்பட்டவரில்லை. 2010இல் பொப் டிலன் அசல் ஆளே இல்லை என்று பேட்டியில் சொல்லி ஊரையே கிளப்பிவிட்டவர். 1977 இசைத்தட்டின் அட்டையில் கறுப்பின ஆண் வேஷம் போட்டு நின்றதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. பிடித்தவர் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்க வேண்டியதில்லை, அக்கா.

இனி அந்தக் 'கிழவி'. கிராமியில் அவர் பாடியது 2024 பெப்ரவரியில். அப்போது வயது 80. கிராமிகள் எத்தனையோ வாங்கியவர், ஆனால் அந்த மேடையில் பாடியது அதுதான் முதல் தடவை. பாடியது அதே 'போத் சைட்ஸ் நவ்'. அந்தப் பாட்டை அவர் எழுதியபோது வயது 23. வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று 23 வயதில் பாடுவது, அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி. வடிவுதான், ஆனால் அளவு பெரிது. 2000இல் பெரிய வாத்தியக் குழுவோடு, சிகரெட்டில் தடித்துப்போன குரலில் திரும்பப் பாடியபோது சேலை உடம்பில் நின்றது. 2024இல் அது பழஞ்சேலை மாதிரிப் படிந்து கிடந்தது. பழைய உச்சக் குரல் போய்விட்டது என்று மச்சாள் சொல்வது உண்மைதான். எனக்கு அது குறையாகப் படவில்லை, அவவுக்குப் படுகிறது. படட்டும்.

அந்த மேடைக்கு அவர் எப்படி வந்தார் என்பதை மச்சாள் அறிந்திருக்கமாட்டா. ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானது. வழக்கமான விரல் பிடிகள் சிரமமாக இருந்ததால், கிற்றாரின் தந்திகளைத் தன் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றி மாற்றிச் சுருதி கூட்டினார். ஐம்பதுக்கு மேற்பட்ட சுருதிகள். அவருடைய பாட்டில் உங்களை இழுத்த அந்த விநோதமான நாதம் பாதி அங்கேயிருந்து வருவதுதான். 2015இல் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து விழுந்தார். நடக்க, கதைக்க எல்லாம் திரும்பப் பழகவேண்டி வந்தது. தன் பழைய வீடியோக்களைப் பார்த்து, தன் விரல்கள் எங்கே இருந்தன என்று பார்த்துப் பார்த்துக் கிற்றார் பழகினார். 2022இல் நியூபோர்ட் இசை விழாவில், பாடகி பிராண்டி கார்லைலும் மற்ற இளையவர்களும் சுற்றியிருக்க, எழுந்து நின்று தனியாக வாசித்தார்.

ஆனால் நத்தார் இரவில் உங்களுக்குச் சுள்ளென்றது ஜோனிக்காக மட்டும்தானா? 1991இல் வேலைக்குப் போன நீங்கள் இரண்டு பேரும் இன்றைக்கு அறுபதைத் தொட்டோ தாண்டியோ இருப்பீர்கள். 'இந்த வயசில ஏன்' என்பது உங்கள் காதில் எப்படி விழுந்ததோ, சொன்னவவின் மனதில் அது எங்கேயிருந்து வந்ததோ. அவவுக்கு மூட்டு வலியா, பிள்ளைகள் பேச்சைக் கேட்பதில்லையா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கதைக்காமல் இருப்பதால் இப்போது உங்களுக்கும் தெரியாமல் போகிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஜோனி 1964இல் உங்கள் நகரத்துக்கு வந்தபோது, இசைக்கலைஞர் சங்கத்துக்குக் கட்டக் காசில்லாமல் பெரிய கடை ஒன்றில் உடுப்பு விற்றுக்கொண்டு, கிடைத்த கோப்பிக்கடைகளில் பாடினார். அடுத்த வருஷம் அங்கேயே ஒரு பெண்குழந்தையைப் பெற்று, வளர்க்க வழியில்லாமல் தத்துக்கொடுத்தார். 'புளூ'வில் அந்தக் குழந்தைக்கு ஒரு பாட்டு இருக்கிறது. தாயும் மகளும் திரும்பச் சந்தித்தது 1997இல். நீங்கள் இரண்டு பேரும் ரேடியோவை ஜன்னலில் வைத்துவிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்த வருஷம்.

ஆகவே சனிக்கிழமை பின்னேரம் மச்சாள் வீட்டுக்குப் போங்கள். போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு போகவேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்ததாகிவிடும். கையில் ஏதாவது கொண்டுபோங்கள். லிஃப்ட் கதைக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், பிள்ளைகள் இருந்தால் அவர்கள் முன்னாலேயே. அப்புறம் அவவின் 'டாபெஸ்ட்ரி'யைப் போடச் சொல்லுங்கள். 'வில் யூ லவ் மீ டுமாரோ' வந்ததும், "பின்னால பாடுறது ஆர் எண்டு சொல்லு பாப்பம்" என்று மட்டும் கேளுங்கள். முதலில் ஜேம்ஸ் டெய்லரைத்தான் சொல்லுவா. அது சரிதான், மற்றக் குரல் ஆர் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.