ஒற்றை ஆள் விமானம், உப்புக்காற்று: வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஒருவர் மட்டும் உட்காரும், கிட்டாக வாங்கி நாமே பூட்டும் அல்ட்ராலைட் விமானம் பற்றி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: அண்ணே, எல்லாக் கிட்டிலும் 115 கிலோ, 115 கிலோ என்கிறார்களே, அது என்ன கணக்கு? இறக்கையின் அளவு எப்படி வருகிறது?

அது அமெரிக்காவில் 1982-ல் வந்த பார்ட் 103 விதி, தம்பி. ஒரே ஆள், காலி எடை 254 பவுண்டுக்குள், அதாவது 115 கிலோ, பெட்ரோல் 5 கேலன் (19 லிட்டர்), உச்ச வேகம் மணிக்கு 102 கிலோமீட்டர், இன்ஜின் சக்தி இல்லாத நிலையில் ஸ்டால் வேகம், அதாவது இதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது என்கிற வேகம், 44. இதற்குள் அடங்கினால் அங்கே பதிவும் லைசென்சும் வேண்டாம், அதனால்தான் பல கிட்டுகளை இந்த எல்லைக்குள் நிற்கும்படியே வரைகிறார்கள்.

இறக்கை அளவு இதிலிருந்தே வந்துவிடும். விமானம் 115, பெட்ரோல் 14, ஆள் 75, ஆக 204 கிலோ. இதை அந்த ஸ்டால் வேகமான 44-ல், அதாவது நொடிக்கு 12.2 மீட்டர் வேகத்தில், காற்று தாங்க வேண்டும். லிஃப்ட் கெழு (இறக்கையின் தூக்கும் திறனைச் சொல்லும் எண்) அதிகபட்சம் 1.6 என்று வைத்தால் ஏறத்தாழ 13.7 சதுர மீட்டர் வேண்டும். இன்னும் 10 கிலோ ஏற்றிப் பார், மேலும் 0.7 சதுர மீட்டர் தேவைப்படும், அந்தத் துணிக்கும் குழாய்க்கும் தனி எடை, அதைத் தூக்க மறுபடி இறக்கை. வடிவமைப்பு முழுக்க இந்தச் சுற்றை எங்கே நிறுத்துவது என்பதுதான். நல்ல சீட், பெரிய வீல், பெயின்ட் என்று ஆசைப்படும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஆசைப்படு.

மண்டபம், படகு கட்டுபவர்: நம்ம ஊர்க் காற்றை இது தாங்குமா? எனக்கு ஃபைபர் வேலை அத்துப்படி, இறக்கையை ரெசின் போட்டே செய்துவிடலாமா?

காற்று விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சான் என்கிற மேல்காற்று மணிக்கு 40 கிலோமீட்டரில் அடிக்கும் நாளில், 44-ல் ஸ்டால் ஆகிற விமானம் தரையில் நிற்கும்போதே கிட்டத்தட்டப் பறக்கும் நிலைக்கு வந்துவிடும். சதுர மீட்டருக்கு 15 கிலோ சுமை மட்டுமே உள்ள இறக்கையை ஒவ்வொரு குத்துக்காற்றும் தூக்கிப் போடும். விடியற்காலை, இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாதங்கள், அவ்வளவுதான் இதற்குப் பொழுது.

ஃபைபர் வேண்டாம் அண்ணே. படகுக்குக் கனம் கெடுதல் இல்லை, இதற்கு அதுவே எமன். அலுமினியக் குழாயும் டேக்ரான் என்கிற பாலியஸ்டர் துணியும்தான் சரி.

தேவிபட்டினம், வெல்டிங் பட்டறை: பழைய புல்லட் 350 இன்ஜின் கிடக்கிறது. போடலாமா?

வேண்டாம். இதற்குப் பழகிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினான ரோட்டாக்ஸ் 447 ஏறத்தாழ 40 குதிரைத்திறன் தரும், புல்லட் 20-ஐ ஒட்டியே நிற்கும், கனமோ அதிகம். பைக்கில் முழு த்ராட்டில் சில நொடிதான், விமானத்தில் நிமிடக் கணக்கில் இழுக்க வேண்டும்.

எந்த இன்ஜினானாலும் கியர்பாக்ஸ் முக்கியம். டூ-ஸ்ட்ரோக் நிமிடத்துக்கு 6,500 சுற்றில்தான் சக்தி தரும். ஒன்றரை மீட்டர் ப்ரொப்பெல்லரை அதிலேயே நேரடியாகப் பூட்டினால் முனை நொடிக்கு 510 மீட்டரில் ஓடும், அது ஒலியின் வேகத்தைத் தாண்டிய கணக்கு, சத்தம் மட்டும் வரும், இழுவை வராது. 2.58 விகிதத்தில் குறைத்தால் முனை 198 மீட்டருக்கு இறங்கும்.

பரமக்குடி: நான் 52 கிலோதான். எடை குறைந்த ஆளுக்கு நல்லதுதானே? இன்ஜின் பின்னால் இருக்கும் கிட் பார்த்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கேள்விக்குத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் பின்னால் உள்ள புஷர் விமானத்தில் ஓட்டுபவர் மூக்கில் உட்காருகிறார், அவர் உடம்புதான் முன்பக்க எடை. 75 கிலோவுக்கு வரைந்ததில் 52 கிலோ ஆள் ஏறினால் ஈர்ப்பு மையம் பின்னால் நகரும். அது குறிப்பிட்ட எல்லைக்குப் பின்னால் போய்விட்டால் மூக்கு தானாகத் தூக்கும், ஸ்டாலில் விழுந்தால் ஸ்டிக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடியை) எவ்வளவு தள்ளினாலும் மீள்வது கஷ்டம்.

ஆகவே கட்டி முடித்ததும், நீங்கள் உட்கார்ந்த நிலையில், விமானத்தை மட்டமாக்கி, மூன்று வீலுக்கும் அடியில் மூன்று தராசு வையுங்கள். ஒவ்வொரு எடையையும் மூக்கிலிருந்து அந்த வீலுக்குள்ள தூரத்தால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் மையம் கிடைக்கும். கிட்டின் வரைபடத்தில் கொடுத்துள்ள எல்லைக்குள் அது விழாவிட்டால் மூக்கில் ஈயம் கட்டத்தான் வேண்டும். வாலில், மையத்துக்கு 3 மீட்டர் பின்னால், 1 கிலோ கூட்டினால் முன்னால் 1 மீட்டரில் 3 கிலோ வைத்தால்தான் சரியாகும், அதனால் வாலில் பெயின்ட்கூட மெல்லிசாகப் பூசுங்கள்.

அப்புறம் இன்னொன்று. இன்ஜின் உயரத்தில் இருப்பதால் அதன் தள்ளுவிசை மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். இன்ஜின் நின்றால் மூக்கு மேலே வரும், கம்பியும் குழாயுமான இந்த உடம்பில் வேகம் உடனே செத்துவிடும். நின்ற கணமே ஸ்டிக் முன்னால் போக வேண்டும், யோசிக்க நேரமில்லை.

ராமேஸ்வரம்: வீடு கடலுக்கு இருநூறு அடி. உப்பு என்ன செய்யும்?

துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியக் குழாயில் நேரடியாகப் பூட்டுகிறார்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அப்படிப் பூட்டிய இணைப்பைக் கழற்றினால் போல்ட் பளபளவென்று இருக்கும், துளையைச் சுற்றி வெள்ளைத் தூள் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் உலோகமே பொடியாக வரும். கேட்மியம் பூசிய ஏ.என். போல்ட் (விமானத்துக்கென்றே செய்யும் ரகம்) போடுங்கள், துளைக்கு எபாக்ஸி ப்ரைமர் தடவுங்கள், குழாயின் உள்பக்கத்தையும் விடாதீர்கள், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள். துணியை வெயில் தின்னும், பறக்காத நாளில் மூடிவையுங்கள்.

பெட்ரோலில் கலந்த எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கெடுக்கும். ஆயில் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் வைத்திருக்காதீர்கள்.

தொண்டி: கட்டி முடித்தால் கடற்கரையில் பறந்து பார்க்கலாமா?

கூடாது. அமெரிக்கச் சலுகை இங்கே செல்லாது. விமானத்துக்கு டி.ஜி.சி.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதியும் பதிவும் வேண்டும், உங்களுக்கு லைசென்ஸ் வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் இருக்கிறது, எதிரே சர்வதேசக் கடல் எல்லை, இந்த வானம் சும்மா கிடக்கிற வானம் இல்லை. ஊரில் கட்டுங்கள், இறக்கையைக் கழற்றி லோடு வண்டியில் ஏற்றி, அனுமதியுள்ள ஓடுதளத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன் இரண்டு சீட் விமானத்தில் பயிற்சியாளரோடு படித்துவிடுங்கள், ஒற்றைச் சீட்டில் சொல்லித்தரப் பக்கத்தில் ஆள் உட்கார இடமில்லை.