பார்சலோனாவா, வலென்சியாவா?

கேள்வி: ஸ்பெயினில் ஒரு கடற்கரை நகரத்துக்குத்தான் நேரம் இருக்கிறது. பார்சலோனாவா, வலென்சியாவா?

பதில்: கடலும் சாப்பாடும்தான் முக்கியம் என்றால் யோசிக்காமல் வலென்சியா போங்கள். பார்சலோனாவில் 1882-இல் கட்டத் தொடங்கிய சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு ஈடு கிடையாது, ஆனால் கோடையில் கூட்டம் தாங்காது. வலென்சியாவின் மல்வரோசா கடற்கரையில் மணல் நல்ல அகலம், டிராமிலேயே போய் இறங்கலாம்.

பயேயா என்ற ஸ்பெயின் நாட்டு அரிசிச் சாப்பாடு பிறந்த மண் அது. அசல் வலென்சியா பயேயாவில் மீன், இறால் எதுவும் இருக்காது, கோழி, முயல், பீன்ஸ்தான். அதையும் ஊர்க்காரர்கள் மதியம்தான் சாப்பிடுவார்கள், அதனால் இரவில் தேடாதீர்கள். அல்புஃபேரா ஏரியை ஒட்டிய எல் பால்மர் கிராமத்துக்கே போய்ச் சாப்பிட்டால் இன்னும் நல்லது, சுற்றிலும் நெல்வயல்தான். அப்புறம், வெயிலுக்கு ஓர்ச்சாத்தா குடியுங்கள்: ஒருவகைக் கோரைக்கிழங்கை அரைத்து எடுக்கும் பால், ஜில்லென்று தருவார்கள்.